13.2 டிகிரி: வெள்ளீயம் பொடியாவதில் அணு அதிர்வின் பங்கு

ஜெர்மனியில் ஸைட்ஸ் என்ற ஊரின் அரண்மனைத் தேவாலயத்தில் ஆர்கன் என்ற குழாய் இசைக்கருவி ஒன்று இருந்தது. அதன் வெள்ளீயக் குழாய்களில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, அந்த இடங்கள் சாம்பல் நிறப் பொடியாக உதிர்வதை வேதியியலர் ஏர்ட்மான் 1851இல் பதிவு செய்தார். துரு என்று தள்ளிவிட முடியவில்லை. பொடியைச் சோதித்தால் அதுவும் சுத்தமான வெள்ளீயமே. 1860களின் பிற்பகுதியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், கடுங்குளிரில் கிடந்த வெள்ளீயக் கட்டிகளே பொலபொலவென்று உதிர்ந்ததை வேதியியலர் ஃபிரிட்ஷே எழுதினார். ஓரிடத்தில் தொடங்கினால் அக்கம்பக்கம் பரவுகிறது என்பதால் இதற்கு 'வெள்ளீயக் கொள்ளைநோய்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

ஆர்கன் ஒலிக்கும்போது குழாய்கள் அதிர்வதால்தான் இப்படி ஆகிறது என்ற எண்ணமும் அந்தக் காலத்தில் இருந்தது. காரணம் அதிர்வுதான், ஆனால் அந்த அதிர்வு இல்லை. ஆர்கன் குழாய் நொடிக்குச் சில நூறு முறை அதிரும். இங்கே கணக்கில் வரவேண்டியது நொடிக்கு லட்சம் கோடிக்கணக்கான முறை நடக்கும் அணுக்களின் அதிர்வு.

1899 முதல் டச்சு வேதியியலர் எர்ன்ஸ்ட் கோஹன் இதை முறையாக எடுத்து ஆராய்ந்தார். வெள்ளீயத்துக்கு இரண்டு படிக வடிவங்கள் உண்டு, ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே ஒன்றும் மேலே மற்றொன்றும் நிலையானவை என்பது தெளிவானது. மாறும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸுக்கு அருகே என்று முதலில் சொல்லப்பட்டு, பின்னர் இறங்கி, இன்று 13.2 டிகிரியில் நிற்கிறது. அந்த எண் ஏன் அங்கே நிற்கிறது என்பதைத்தான் இந்த ஆய்வில் பார்க்கப்போகிறோம். வெள்ளீயம் உருகுவது 232 டிகிரியில். உருகுநிலைக்கு வெகு கீழே, ஒரு சாதாரண இளங்குளிரில், திடப்பொருள் ஒன்று தன் கட்டமைப்பையே மாற்றிக்கொள்கிறது.

நெப்போலியன் படையின் வெள்ளீயப் பொத்தான்கள் 1812இல் ரஷ்யக் குளிரில் பொடிந்து படையே குலைந்தது என்ற கதை எல்லோருக்கும் தெரியும். ஸ்காட்டின் தென்துருவப் பயணத்தில் மண்ணெண்ணெய் டின்கள் கசிந்ததற்கும் இதையே காரணமாகச் சொல்வார்கள். இரண்டையும் நான் நம்பத் தயங்குகிறேன். கசிவுக்குத் தோல் வாஷர்கள் காய்ந்து சுருங்கியதே போதுமான காரணம். பொத்தான் கதை ஏன் நிற்காது என்பதைக் கீழே மாற்றத்தின் வேகத்தைப் பேசும்போது பார்க்கலாம்.

இரண்டு வடிவங்கள்

13.2 டிகிரிக்கு மேல் நிலையாக இருப்பது நாம் அறிந்த பளபளப்பான வெள்ளை வடிவம். அது உலோகம். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.29 கிராம். அதன் அலகுக்கூடு, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு அலகு, சதுர அடித்தளம் கொண்ட ஒரு தட்டையான பெட்டி: அடிப்பக்கம் 5.83 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு), உயரம் 3.18 ஆங்ஸ்ட்ராம். ஒவ்வோர் அணுவுக்கும் 3.02 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் நான்கு அண்டை அணுக்கள், 3.18இல் இன்னும் இரண்டு.

கீழே நிலையானது சாம்பல் வடிவம். வைரத்தின் கட்டமைப்பு அப்படியே. 6.49 ஆங்ஸ்ட்ராம் பக்கமுள்ள கனசதுரம், ஒவ்வோர் அணுவுக்கும் நான்முகியின் மூலைகளில் நான்கே அண்டைகள், தொலைவு 2.81 ஆங்ஸ்ட்ராம். அடர்த்தி 5.77 கிராம்தான். ஓர் அணுவுக்குக் கிடைக்கும் இடத்தைக் கணக்கிட்டால் வெள்ளையில் சுமார் 27 கன ஆங்ஸ்ட்ராம், சாம்பலில் சுமார் 34. அதாவது மாறும்போது பொருள் 26 விழுக்காடு உப்புகிறது. திடப்பொருளில் இது பயங்கரமான வீக்கம். பொடிவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

தனிம அட்டவணையில் இந்தத் தனிமத்தின் இருப்பிடமும் கவனிக்க வேண்டியது. மேலே கார்பன், சிலிக்கான், ஜெர்மானியம். மூன்றுக்கும் வைரக் கட்டமைப்பு உண்டு. கீழே காரீயம், முழு உலோகம். வெள்ளீயம் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. சிலிக்கானை வெள்ளை வெள்ளீயத்தின் கட்டமைப்புக்குத் தள்ள 11, 12 ஜிகாபாஸ்கல் அழுத்தம் வேண்டும் (ஒரு ஜிகாபாஸ்கல் ஏறத்தாழ பத்தாயிரம் வளிமண்டல அழுத்தம்). ஜெர்மானியத்துக்கு ஏறத்தாழ 10. வெள்ளீயத்துக்கு ஓர் இளவெயில் போதும். இரண்டு கட்டமைப்புகளின் ஆற்றலும் அவ்வளவு நெருக்கம்.

எவ்வளவு நெருக்கம்? சாம்பலிலிருந்து வெள்ளைக்கு மாற மோலுக்குச் சுமார் 2.09 கிலோஜூல் வெப்பம் தேவை. ஓர் அணுவுக்கு 0.022 எலக்ட்ரான் வோல்ட். வெள்ளீயப் படிகத்தைத் தனித்தனி அணுக்களாகப் பிரிக்க ஓர் அணுவுக்கு 3 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் சற்று அதிகம் வேண்டும். அதில் நூற்றில் ஒரு பங்கைவிடக் குறைவான வித்தியாசம்தான் எந்த வடிவம் என்பதைத் தீர்மானிக்கிறது.

கணக்கு

ஆற்றல் மட்டும் பேசினால் சாம்பல் வடிவம் எப்போதும் ஜெயிக்க வேண்டும். அதன் ஆற்றல்தான் குறைவு. ஆனால் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே போனதும் தீர்ப்பு சொல்வது ஆற்றல் அல்ல, கட்டிலா ஆற்றல். ஆற்றலிலிருந்து, வெப்பநிலையையும் என்ட்ரோபியையும் (ஆற்றலை அணுக்கள் எத்தனை விதமாகப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பதன் அளவு) பெருக்கி வரும் தொகையைக் கழித்தால் கிடைப்பது அது. எந்த வடிவத்துக்கு அது குறைவோ அதுவே நிலையானது. என்ட்ரோபி அதிகமுள்ள வடிவத்துக்கு வெப்பநிலை ஏற ஏறத் தள்ளுபடி கூடிக்கொண்டே போகும்.

வெள்ளை வடிவத்தின் என்ட்ரோபி, சாம்பல் வடிவத்தைவிட மோலுக்குக் கெல்வினுக்குச் சுமார் 7.3 ஜூல் அதிகம். 2090ஐ 7.3ஆல் வகுத்தால் 286 கெல்வின் வருகிறது. அதுதான் 13 டிகிரி செல்சியஸ். அட்டவணைக்கு அட்டவணை இந்த என்ட்ரோபி பதின்மப் புள்ளிக்குப் பின் சற்று மாறும். 0.2 ஜூல் மாறினாலே விடை எட்டு டிகிரி நகரும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சரி, அந்த 7.3 ஜூல் எங்கிருந்து வருகிறது? இரண்டிலும் அதே அணு, அதே நிறை. இரண்டுமே ஒழுங்கான படிகம். அணுக்கள் தாறுமாறாக அடுக்கப்பட்டிருப்பதால் வரும் என்ட்ரோபி என்று எதுவும் இல்லை. வெள்ளை வடிவம் உலோகம் என்பதால் அதன் கட்டற்ற எலக்ட்ரான்கள் கொஞ்சம் தருகின்றன. தாழ்வெப்பநிலையில் அளந்த வெப்ப ஏற்புத்திறனை வைத்து மதிப்பிட்டால் அது 13 டிகிரியில் 0.5 ஜூல் அளவுதான். மீதி ஏறத்தாழ 6.8 ஜூலும் அணு அதிர்விலிருந்து வந்தாக வேண்டும்.

படிகத்தில் அணுக்கள் தனித்தனியாக அதிர்வதில்லை. ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு கூட்டாக, அலைகளாக அதிர்கின்றன. இந்த அதிர்வலைகளின் ஆற்றல் படிப்படியாகத்தான் ஏறும். ஒரு படிக்கு ஃபோனான் என்று பெயர். படியின் உயரம் அதிர்வெண்ணைப் பொறுத்தது. பிணைப்பு கெட்டியாக இருந்தால் அதிர்வெண் அதிகம், படியும் உயரம். பிணைப்பு தளர்வாக இருந்தால் படி தாழ்வு.

சாம்பல் வடிவத்தில் மிக வேகமான அதிர்வு நொடிக்குச் சுமார் 6 லட்சம் கோடி முறை, அதாவது 6 டெராஹெர்ட்ஸ். அதன் ஒரு படி 0.025 எலக்ட்ரான் வோல்ட். 13 டிகிரியில் வெப்பத்தின் அளவுகோலும், போல்ட்ஸ்மான் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கினால் வருவது, அதே 0.025தான். ஒரு படி ஏறவே கைக்காசு முழுதும் போய்விடும். வெள்ளை வடிவத்தில் அதிர்வுகள் பெரும்பாலும் 4 டெராஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகின்றன. சிதறும் ஒளியை வைத்து அதிர்வுகளைக் காணும் ராமன் நிறமாலையில் அதற்கு 1.3 டெராஹெர்ட்ஸ் அருகே ஒரு மெதுவான அதிர்வும் தெரிகிறது. அதன் படி 0.005 எலக்ட்ரான் வோல்ட் அளவு. அதே வெப்பத்தில் நாலைந்து படி ஏறி இறங்கலாம். ஏறக்கூடிய படிகள் எத்தனை அதிகமோ, அதே ஆற்றலை அணுக்கள் பங்கிட்டுக்கொள்ளும் விதங்களும் அத்தனை அதிகம். அந்த விதங்களின் எண்ணிக்கையைத்தான் என்ட்ரோபி அளக்கிறது.

இதைத் திருப்பிப் போட்டும் பார்க்கலாம். வெப்பநிலை போதுமான அளவு உயர்ந்துவிட்டால் அதிர்வு என்ட்ரோபியின் வித்தியாசம் சராசரி அதிர்வெண்களின் விகிதத்தை மட்டுமே பொறுத்தது. 6.8 ஜூல் வேண்டுமானால் சாம்பலின் சராசரி அதிர்வெண் வெள்ளையுடையதைப் போல் 1.3 மடங்கு இருந்தால் போதும். வெள்ளை வடிவம் ஏறத்தாழ கால்பங்கு மெதுவாக அதிர்கிறது, அவ்வளவுதான். கால்பங்குத் தளர்வு ஒரு படிகத்தின் தலையெழுத்தை மாற்றிவிடுகிறது.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அடர்த்தியான பொருள் இறுகியதாக இருக்கும், இறுகியதற்கு என்ட்ரோபி குறைவு என்றுதான் பொதுவாக எதிர்பார்ப்போம். வெள்ளீயத்தில் தலைகீழ். இடம் அதிகமுள்ள சாம்பல் வடிவத்தில் பிணைப்புகள் குட்டையாக, திசை தவறாமல், விறைப்பாக நிற்கின்றன. நெருக்கமான வெள்ளை வடிவத்தில் அண்டைகள் அதிகம், ஆனால் ஒவ்வொரு பிணைப்பும் நீளம், தளர்வு. இறுக்கத்தை முடிவு செய்வது காலி இடமல்ல, பிணைப்பின் இயல்பு.

இதிலிருந்து ஒரு விளைவு தானாக வருகிறது. அடர்த்தியும் என்ட்ரோபியும் ஒரே பக்கம் இருப்பதால், அழுத்தம் கொடுத்தால் வெள்ளை வடிவத்துக்கு இரட்டை லாபம். கிளாபெய்ரான் சமன்பாட்டில் 7.3 ஜூலையும், மோலுக்கு 4.3 கன சென்டிமீட்டர் கன அளவு வித்தியாசத்தையும் போட்டால், 17 வளிமண்டல அழுத்தத்துக்கு ஒரு டிகிரி வீதம் மாறும் வெப்பநிலை கீழே இறங்குகிறது.

0.001 எலக்ட்ரான் வோல்ட்டின் விலை

1998இல் பாவோனே, பரோனி, டி ஜிரோன்கோலி ஆகிய மூவரும் சோதனைத் தரவு எதையும் கடன் வாங்காமல், குவாண்டம் இயக்கவியலிலிருந்தே இரண்டு வடிவங்களின் அதிர்வெண்களையும் கணித்து மாறும் வெப்பநிலையைக் கண்டார்கள். விடை 38 டிகிரி. உண்மை 13. இருபத்தைந்து டிகிரி பிசகு என்று உதட்டைப் பிதுக்கத் தோன்றலாம். ஆனால் 7.3 ஜூல் என்ட்ரோபிக்கு 25 டிகிரி என்பது மோலுக்கு 180 ஜூல். ஓர் அணுவுக்கு 0.002 எலக்ட்ரான் வோல்ட்கூட இல்லை. ஓர் அணுவின் ஆற்றலில் 0.001 எலக்ட்ரான் வோல்ட் தவறினால் மாறும் வெப்பநிலை 13 டிகிரி நகர்ந்துவிடும். கணிப்பில் எந்தத் தோராயத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே அதைவிடப் பெரிய பிசகைக் கொண்டுவரும். ஆகவே 38 என்ற விடையில் திறமையோடு கொஞ்சம் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது என்பது என் கணிப்பு. அவர்கள் உறுதிப்படுத்திய முக்கியமான விஷயம் வேறு: அதிர்வு என்ட்ரோபியைச் சேர்க்காமல் இந்த மாற்றத்தை விளக்கவே முடியாது.

படிகக் கட்டமைப்பைக் கணினியில் கணித்து 'இதுதான் நிலையானது' என்று அறிவிக்கும் வேலை இன்று ஏராளமாக நடக்கிறது. பெரும்பாலும் பூச்சிய கெல்வினில் ஆற்றலை மட்டும் ஒப்பிட்டு முடித்துவிடுகிறார்கள், ஏனென்றால் அதிர்வெண்களைக் கணிக்கச் செலவு பல மடங்கு. அந்த முறையில் வெள்ளீயத்தைக் கொடுத்தால், நாம் தினமும் தொட்டுப் பார்க்கும் உலோகம் நிலையற்றது என்றுதான் விடை வரும்.

ஏன் எல்லாம் பொடியாகவில்லை

நிலையானது எது என்பது ஒரு கேள்வி. அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பது இன்னொன்று. குளிர்நாடுகளில் வெள்ளீயப் பாத்திரங்கள் பல குளிர்காலங்களைக் கடந்தும் பளபளப்பாகவே இருக்கின்றன.

13.2 டிகிரியில் இரண்டு வடிவங்களும் சமம். மாறுவதற்கு உந்துதல் பூச்சியம். கழித்தல் 30 டிகிரிக்கு இறக்கினால் உந்துதல் மோலுக்கு 300 ஜூலைச் சற்றே தாண்டும். அதை வைத்துக்கொண்டு 26 விழுக்காடு உப்ப வேண்டும், சுற்றியுள்ள உலோகத்தைத் தள்ளிக்கொண்டு. அதனால் மாற்றம் கட்டியின் நடுவில் தொடங்குவது கடினம். பரப்பில், கீறலில், ஓரத்தில் ஒரு சிறு முளை விட்டால்தான் உண்டு. ஒரு முளை விட்டுவிட்டால் அதன் வீக்கம் அக்கம்பக்கத்தை விரிசலாக்கும், விரிசலில் புதிய பரப்பு கிடைக்கும், அப்புறம் வேகம் பிடிக்கும். கொள்ளைநோய் என்ற பெயர் அந்த அளவில் பொருத்தம்தான்.

அதிக குளிரும் உதவாது. அணு தன் இடத்திலிருந்து அடுத்த கட்டமைப்பின் இடத்துக்குத் தாவ வேண்டுமே, அந்தத் தாவலுக்கும் அதிர்வுதான் பலம் தருகிறது. குளிர் கூடக் கூட உந்துதல் ஏறுகிறது, தாவும் திறன் இறங்குகிறது. இரண்டும் சமரசமாகும் இடம் கழித்தல் 30, 40 டிகிரி வாக்கில். வேகம் உச்சத்தில் இருப்பது அங்கேதான்.

கலப்பும் பெரிய விஷயம். காரீயம், பிஸ்மத், ஆண்டிமனி ஆகியவை சிறிதளவு கலந்திருந்தாலே மாற்றம் முடங்கிவிடும். அந்தக் காலத்துப் பொத்தான்களின் வெள்ளீயம் அவ்வளவு சுத்தமாக இருந்திருக்க வாய்ப்பில்லை. ஒரு படையெடுப்பின் சில வாரங்கள் அதற்குப் போதவும் போதாது. பொத்தான் கதையை நான் ஒதுக்குவது அதனால்தான். மின்னணுச் சாதனங்களில் இணைப்புகளைப் பற்றவைக்கும் உலோகக்கலவையான சால்டரில் பல பத்தாண்டுகளாகக் காரீயம் இருந்ததால் இந்தத் தொல்லையை யாரும் நினைக்கவே இல்லை. 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை நடைமுறைக்கு வந்து சால்டரிலிருந்து காரீயம் விலகியதும் பழைய கேள்வி திரும்ப வந்தது. வெள்ளீயத்தில் 0.5 விழுக்காடு செம்பு மட்டும் கலந்த சால்டர் மாதிரியைக் கழித்தல் 18 டிகிரியில் வைத்திருந்தபோது, ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் சாம்பல் திட்டுகள் பரவியிருந்தன.

எதிர்த்திசையிலும் வேலை செய்யலாம். இண்டியம் ஆண்டிமனைடு என்ற குறைக்கடத்தியின் அலகுக்கூட்டுப் பக்கம் 6.48 ஆங்ஸ்ட்ராம். சாம்பல் வடிவத்துக்கு 6.49. பொருத்தம் அவ்வளவு துல்லியம் என்பதால், அதன்மேல் மெல்லிய படலமாக வளர்த்த சாம்பல் வெள்ளீயம் 13 டிகிரியை நன்றாகத் தாண்டியும் மாறாமல் நிற்கிறது. 1980களின் தொடக்கத்திலேயே இதைச் செய்து காட்டிவிட்டார்கள். அடித்தளம் பிடித்து வைத்திருக்கும் வரை, தளர்வான வடிவத்துக்குக் கிடைக்கும் என்ட்ரோபித் தள்ளுபடி பலிப்பதில்லை.

பொடியான வெள்ளீயத்தைச் சூடாக்கினால் கட்டமைப்பு திரும்ப வெள்ளையாகும். கட்டி மட்டும் திரும்பாது. மீண்டும் உருக்கித்தான் வார்க்க வேண்டும்.

பள்ளமே இல்லாத இடத்தில் ஒரு படிகம்

வெள்ளீயத்தில் இரண்டு வடிவங்களுமே தம்மளவில் ஆற்றல் பள்ளங்கள். அணுவைச் சற்று நகர்த்தினால் திரும்ப இழுக்கும் விசை இரண்டிலும் உண்டு. வெப்பநிலை செய்வதெல்லாம் எந்தப் பள்ளம் ஆழமானது என்று மாற்றிச் சொல்வது. இதோடு நிறுத்திவிட்டால் பாதி விஷயம்தான் சொன்னதாகும். டைட்டானியமும் ஸிர்கோனியமும் காட்டுவது இன்னும் விசித்திரம்.

டைட்டானியம் சாதாரண வெப்பநிலையில் அறுங்கோண நெருக்கப் பொதிவில், அதாவது அறுங்கோண ஒழுங்கில் நெருக்கமாக அடுக்கிய அணுத்தளங்களாக, இருக்கிறது. 882 டிகிரியில் பொருள்மையக் கனசதுரமாகிறது, அதாவது கனசதுரத்தின் மூலைகளிலும் நட்டநடுவிலும் அணுக்கள். ஸிர்கோனியத்துக்கும் இதே கதை, 865 டிகிரியை ஒட்டி. டைட்டானியத்தின் மாற்ற வெப்பம் மோலுக்கு 4 கிலோஜூல் அளவு. என்ட்ரோபி வித்தியாசம் 3.6 ஜூல். இதுவரை வெள்ளீயத்தின் கணக்கு மாதிரிதான்.

ஆனால் பூச்சிய கெல்வினில் பொருள்மையக் கனசதுர டைட்டானியத்தின் அதிர்வெண்களைக் கணித்தால் சில அதிர்வுகளுக்கு அதிர்வெண்ணின் வர்க்கம் எதிர்க்குறியில் வருகிறது. அணுக்களை நகர்த்தினால் விசை திரும்ப இழுக்கவில்லை, மேலும் தள்ளிவிடுகிறது என்று பொருள். அந்தக் கட்டமைப்பு பள்ளத்தில் இல்லை, ஒரு மேட்டின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட அதிர்வு ஒன்றில் அடுத்தடுத்த அணுத்தளங்கள் எதிரெதிர்த் திசையில் வழுக்குகின்றன. அந்த வழுக்கலைத் தொடர்ந்து நடக்கவிட்டு, கூடவே சற்றுச் சறுக்குத் திரிபும் சேர்த்தால் போய்ச் சேரும் இடம் அறுங்கோணக் கட்டமைப்பேதான். படிகவியலர் பர்கர்ஸ் 1934இல் ஸிர்கோனியத்தின் எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து ஊகித்த பாதை அதுதான்.

மேட்டின் உச்சியில் இருக்கும் ஒன்று 882 டிகிரியிலிருந்து 1668 டிகிரியில் உருகும் வரை எப்படி நிற்கிறது? சுழலும் பம்பரம் ஆணியில் நிற்பதைப் பார்க்கிறோம், சுழற்சி நின்றால் சாய்கிறது. இந்தப் படிகமும் ஆட்டத்தில்தான் நிற்கிறது. உவமை அதற்குமேல் போகாது. பம்பரத்தைக் காப்பது சுழல் உந்தம், இங்கே காப்பது வேறு.

என்ன நடக்கிறது என்றால், மேட்டின் இருபுறமும் இரண்டு ஆழமற்ற பள்ளங்கள் இருக்கின்றன. உயர் வெப்பநிலையில் அணுவின் ஆட்டம் மேட்டைவிடப் பெரியது. இப்புறமும் அப்புறமும் கடந்து போய்வருகிறது, அதன் சராசரி இருப்பிடம் உச்சியாகவே அமைகிறது. இன்னொன்றும் சேர்கிறது: ஓர் அணு உணரும் விசை, மற்ற அணுக்கள் எவ்வளவு ஆடுகின்றன என்பதையும் பொறுத்தது. எல்லாம் சேர்ந்து ஆடும்போது தளர்வான அந்த வழுக்கல் அதிர்வுக்கே திரும்ப இழுக்கும் விசை முளைக்கிறது. ஸ்ப்ரிங் விசை நீட்சிக்கு நேர்விகிதம் என்ற பள்ளிப் பாடத்தை அப்படியே வைத்துக்கொண்டால் இது பிடிபடாது. நேர்விகிதத்திலிருந்து விலகும் பகுதிதான் இங்கே ஆட்டத்தை நடத்துகிறது.

கணிப்பது எப்படி? ஒரு வெப்பநிலையில் அணுக்கள் இவ்வளவு ஆடும் என்று ஊகித்து, அந்த அளவுக்கு எல்லா அணுக்களையும் ஒரே சமயத்தில் இடம்பெயர்த்து விசைகளைக் கணித்து, அதிலிருந்து புதிய அதிர்வெண், அதிலிருந்து புதிய ஆட்ட அளவு என்று விடை நிலைக்கும்வரை சுற்றிச் சுற்றி வருவார்கள். யோசனை பழையது, 1950களிலேயே இருந்தது. குவாண்டம் கணிப்போடு சேர்த்து டைட்டானியம், ஸிர்கோனியம், ஹாஃப்னியம் மூன்றுக்கும் 2008இல் சூவாட்ஸிஸ் குழு செய்து காட்டியது. எதிர்க்குறி அதிர்வுகள் உயர் வெப்பநிலையில் இயல்பான அதிர்வுகளாகிவிட்டன.

அளந்து பார்த்த கதை எனக்கு இன்னும் பிடித்தது. அதிர்வெண்களை நேரடியாக அளக்க நியூட்ரான் கற்றையைப் படிகத்தில் சிதறடிக்க வேண்டும். அதற்கு ஒற்றைப் படிகம் வேண்டும். இந்த உயர் வெப்பநிலைக் கனசதுரப் படிகத்தையோ எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. உலையிலிருந்து எடுத்து ஆறவிட்டால் அறுங்கோணமாக மாறும்போது பல துண்டு திசைகளாகச் சிதைந்துவிடும். 1991இல் வெளியான அளவீடுகளுக்காக பெட்ரியும் சகாக்களும் படிகத்தை அளவீட்டு உலைக்குள்ளேயே வளர்த்து, மாறும் வெப்பநிலைக்குக் கீழே இறங்கவிடாமல் வைத்துக்கொண்டே அளந்தார்கள். அந்த வழுக்கல் அதிர்வு இருந்தது. ஆனால் தணிந்து, மிக மெதுவாக, சீக்கிரம் மங்கிப்போகும் அதிர்வாக. தாழ்ந்த அதிர்வெண் என்றால் அதிக என்ட்ரோபி. கனசதுர வடிவத்துக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்ட்ரோபியில் பெரும்பகுதி அதிர்விலிருந்தே வருகிறது என்பதும் அந்த அளவீடுகளில் தெரிந்தது. அதன் பலவீனமும் பலமும் ஒரே அதிர்வில் இருக்கின்றன.

எல்லா மாற்றத்தையும் அதிர்வின் தலையில் கட்டிவிடக் கூடாது. இரும்பு சாதாரண வெப்பநிலையில் பொருள்மையக் கனசதுரம், 912 டிகிரியில் முகமையக் கனசதுரம் (மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் அணுக்கள்), 1394 டிகிரியில் திரும்பவும் பொருள்மையம். கீழ் வெப்பநிலையில் பொருள்மைய வடிவத்தைத் தாங்கிப் பிடிப்பது இரும்பின் காந்தத்தன்மை. அதை விட்டுவிட்டு அதிர்வை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இரும்பின் கதை தப்பாகத்தான் வரும்.

டைட்டானியத்தின் அந்தத் தளர்ந்த அதிர்வை வெப்பமில்லாமலும் இறுக்கலாம். தனிம அட்டவணையில் பக்கத்துத் தொகுதியில் உள்ள நியோபியத்துக்குப் பிணைப்பில் பங்கேற்கும் எலக்ட்ரான் ஒன்று அதிகம், அது எல்லா வெப்பநிலையிலும் பொருள்மையக் கனசதுரம்தான். டைட்டானியத்தில் போதுமான நியோபியத்தைக் கலந்தால் உயர் வெப்பநிலை வடிவம் அறை வெப்பநிலையிலும் நிற்கும். அதிகம் கலந்தால் இறுகிவிடும். நிற்க மட்டும் போதுமான அளவோடு நிறுத்தினால் பழைய தளர்வு பாக்கியிருக்கும். அப்போது விறைப்பின் அளவான மீட்சிக்குணகம் தூய டைட்டானியத்தின் 110 ஜிகாபாஸ்கலிலிருந்து 60க்கு அருகே இறங்குகிறது. எலும்புக்கு 10 முதல் 30. உடலுக்குள் பொருத்தும் மூட்டு எலும்பைவிட மிக விறைப்பாக இருந்தால் பாரத்தையெல்லாம் தானே தாங்கிக்கொள்ளும், பக்கத்து எலும்பு வேலையில்லாமல் மெலியும். அதனால் மூட்டுகளுக்கான டைட்டானியம் நியோபியம் உலோகக்கலவைகளில், ஸிர்கோனியமும் டான்டாலமும் கொஞ்சம் சேர்த்து, கட்டமைப்பு கவிழ்ந்துவிடாத எல்லைக்கு எவ்வளவு அருகே போகலாம் என்றுதான் தேடுகிறார்கள்.